வியாழன் தங்கிய இரவு

பாத்திரம் அறிந்து பிச்சையிடச் சொல்லித்தான்
எனக்கு மூன்று நாள் பயிற்சி.
ரோனாவின் பாத்திரம்
காப்பிக் கடையின் காகிதக் கோப்பை.
விளிம்பில் யாரோ ஒருத்தியின் உதட்டுச்சாயம்.

கிளாஸ்கோ சென்ட்ரல் ரயில் பாலத்தின் அடியில்
மழை விழாத கொஞ்சம் இடம்.
அந்தக் காலத்தில் மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்
ஊர்ப்பேச்சு பேச ஒதுங்கியதாம்;
இன்றும் அதற்குக் குடை என்றே பெயர்.
மேலே தெற்கத்தி வண்டி போகும்போது
கோப்பைச் சில்லறை தானே குலுங்கும்.
"பார், கேட்காமலே கேட்கிறது" என்பாள்.

என் நீல அங்கியின் முதுகில் அமைப்பின் பெயர்.
கையில் பதினான்கு கட்டங்கள் போட்ட படிவம்.
கடைசியாகத் தூங்கிய முகவரி.
போதைப் பழக்கம் உண்டா, எத்தனை நாளாக.
பணமாக எதுவும் தரக்கூடாது.
பெயர் சொல்லிக் கூப்பிடலாம், வீட்டைக் காட்டக்கூடாது.
விதிகளை எழுதிய கெய்ர்ன்ஸ் அம்மா கெட்டவர் இல்லை;
ஒருமுறை கொடுத்துக் கெட்டவர்.

அன்று சனிக்கிழமை. மைனஸ் ஏழு.
விடுதியில் ஒரு கட்டில் காலி என்றேன்.
ரோனா போர்வையைத் தூக்கிக் காட்டினாள்.
உள்ளே, ஒரு காது மடிந்த பழுப்பு நாய்.
வியாழன்.
கோள் இல்லை, கிழமை: அன்றுதான் கிடைத்ததாம்.
நாய்களுக்கு இடமில்லை என்பது
விதி எண் ஒன்பது.

"உங்கள் சூப் வேண்டாம். சாக்ஸும் வேண்டாம்,
ஏழு ஜோடி தந்துவிட்டீர்கள், எனக்குக் கால் இரண்டுதான்.
இவனை ஒரு ராத்திரி வைத்துக்கொள்.
நான் போய்ப் படுக்கிறேன்."

பதினான்கு கட்டத்திலும் தேடினேன்.
பிறகு அங்கியைக் கழற்றி
உள்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு
கயிற்றை வாங்கினேன்.

டென்னிஸ்டவுன் வரை நடை.
நாய் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தது.
பழகாத தெரு, அதனால்தான் என்று நினைத்தேன்.

கோழித் துண்டு வைத்தேன், முகர்ந்துவிட்டு நகர்ந்தது.
ஹீட்டர் பக்கத்தில் என் பழைய ஸ்வெட்டரை விரித்தேன்.
அதுவோ வாசற்கதவின் கீழிடுக்கில் மூக்கை வைத்து
விடிய விடியப் படுத்திருந்தது.
வால் மட்டும் நடுநடுவே
தரையை ஒரு தட்டுத் தட்டும்.
கனவு காண்கிறது என்று நினைத்தேன்.
என்னைப் பற்றியும் கொஞ்சம்
நல்லவிதமாக நினைத்துக்கொண்டேன், மறைப்பானேன்.
விதியை மீறிய கதகதப்பு
ஹீட்டருக்கு மேல் ஒரு டிகிரி.

காலை ஆறரை. கதவைத் திறந்ததும்
கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது.
மூன்று மாடி இறங்கி
கடைசிப் படியில்,
சைக்கிள்களுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே
ரோனா.

"விடுதிப் பக்கம் திரும்பத்தான் பார்த்தேன்,
கால் உன் பின்னால் வந்துவிட்டது" என்றாள்.
"கீழ்க்கதவின் பூட்டு சரியில்லை. யாரிடமாவது சொல்லி வை,
கண்டவர்களும் உள்ளே வருவார்கள்."

ஏன் மணியை அடிக்கவில்லை?

"நீ நாயைத்தானே கூட்டிக்கொண்டு போனாய்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.
நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்கிற குரல்.

மேலே வா என்றேன்,
ஒரு முழு இரவு தாமதமாக.
"டீயை இங்கே கொண்டுவா. சர்க்கரை மூன்று."

கொண்டுவந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கல் அவ்வளவு சில்லென்று இருக்கும் என்பது
நான்கு வருடமாக அந்தப் படியில் ஏறி இறங்கியும்
எனக்குத் தெரியாது.
வியாழன் எங்கள் நான்கு கால்களின் மேலும்
குறுக்காகப் படுத்து
டீ ஆறுவதற்குள்
குறட்டை விட்டது.